லினக்ஸ் டெர்மினலில் ஸ்பெல் செக் தகராறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

எழுத்துப்பிழை பார்க்கும் கருவிகளான ஹன்ஸ்பெல், ஆஸ்பெல், அவற்றை இடையில் நின்று இயக்கும் என்சான்ட் ஆகிய மூன்றில் எது சரியாக வேலை செய்யாவிட்டாலும் பலரும் முதலில் அகராதியைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் அகராதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கருவி வேறொரு அகராதியைத் திறந்திருக்கும், அல்லது கோப்பை வேறு என்கோடிங்கில் (எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் முறை) படித்திருக்கும், அல்லது சொல்லைத் தப்பான இடத்தில் வெட்டியிருக்கும். கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் போய் முடியும். அகராதியை மாற்றுவதற்கு முன்னால் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். விருப்பங்களில் பேரெழுத்து தேவைப்படும் இடத்தில் ‘பெரிய’ என்று சேர்த்திருக்கிறோம். சூழல் மாறிகளின் பெயர்களையும், ஏஎஃப்எஃப் கோப்பில் வரியைத் தொடங்கும் சொற்களையும் முழுக்கப் பேரெழுத்தில் அடிக்க வேண்டும்.

அறிகுறி: அகராதிக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது ஹன்ஸ்பெல்

பிழைச் செய்தியின் கடைசியில் மேற்கோளுக்குள் ஒரு பெயர் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள், ஏனென்றால் கருவி எதைத் தேடியது என்பதை அதுதான் சொல்கிறது. அங்கே ‘டிஃபால்ட்’ என்று இருந்தால் மொழியைச் சொல்லும் சூழல் மாறி எதுவும் கருவிக்குக் கிடைக்கவில்லை. ஹன்ஸ்பெல் முதலில் டிக்ஷனரியைக் குறிக்கும் சிறிய டி விருப்பத்தைப் பார்க்கும். அது இல்லையென்றால் டிக்ஷனரி என்ற மாறியையும், அதுவும் இல்லையென்றால் எல்சி-ஆல், எல்சி-மெசேஜஸ் (இரண்டிலும் ஹைஃபன் அல்ல, அடிக்கோடு), லாங் ஆகிய மாறிகளையும் வரிசையாகப் பார்க்கும். டெர்மினலில் ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானிலும் தனிச் சூழலில் ஓடும் கன்டெய்னரிலும் படுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்: அங்கே லாங் பெரும்பாலும் அமைந்திருக்காது. ஸ்கிரிப்டுக்குள் அகராதியின் பெயரை எப்போதும் வெளிப்படையாகக் கொடுங்கள்.

டிஃபால்ட் இல்லாமல் ஒரு மொழிப் பெயர் வந்தால், அந்தப் பெயரில் இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்றின் நீட்சி டிக், அதில் சொற்கள் இருக்கும். மற்றதன் நீட்சி ஏஎஃப்எஃப், அதில் விகுதி விதிகளும் அமைப்புகளும் இருக்கும். டிக் கோப்பை மட்டும் நகலெடுத்து வைத்தாலும் இதே பிழைதான் வரும். பெயரில் அடிக்கோடும் ஹைஃபனும் வேறு வேறு. வேறு மென்பொருளின் ஆட்-ஆனிலிருந்து பிரித்தெடுத்த கோப்பில் ஹைஃபன் இருந்து, நீங்கள் அடிக்கோடு கொடுத்தால் கிடைக்காது. பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடும் அப்படியே.

கருவி எங்கே தேடுகிறது என்று பார்க்க ஹன்ஸ்பெல்லைப் பெரிய டி விருப்பத்தோடு ஓட்டுங்கள். தேடும் பாதைகள், கிடைக்கும் அகராதிகள், ஏற்றிய அகராதி என்று மூன்று பகுதிகள் வரும். பல பதிப்புகளில் இந்தப் பட்டியல் பிழைச் செய்திகளுக்கான தனி வழியான ஸ்டாண்டர்ட் எரர் வழியாக வருவதால் அப்படியே பைப் போட்டு கிரெப் செய்தால் வடிகட்டாது. 2>&1 சேர்த்த பிறகு பைப் போடுங்கள். பட்டியலைக் காட்டிவிட்டு கட்டளை அப்படியே நின்றால் அது உங்கள் உள்ளீட்டுக்காகக் காத்திருக்கிறது. கன்ட்ரோல்-டி அடித்து வெளியே வரலாம்.

அகராதியை உங்கள் சொந்தக் கோப்புறையில் வைத்திருந்தால் அந்தக் கோப்புறையை டிக்பாத் மாறியில் கொடுங்கள், அல்லது சிறிய டி விருப்பத்திலேயே பாதையோடு பெயரை எழுதுங்கள். நீட்சிப் பெயர் வேண்டாம். லிப்ரே ஆபிஸின் ஓஎக்ஸ்டி ஆட்-ஆன்கள் உண்மையில் ஜிப் கோப்புகள். அன்ஜிப் செய்தால் இரண்டு கோப்புகளும் உள்ளே கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் புரியாவிட்டால், ஒரு நிரல் இயங்குதளத்திடம் கேட்பதையெல்லாம் காட்டும் ஸ்ட்ரேஸ். கோப்பைத் திறக்கக் கேட்கும் ஓப்பன்அட் அழைப்புகளை மட்டும் காட்டச் சொல்லி அதன் கீழ் ஹன்ஸ்பெல்லை ஓட்டினால், எந்தெந்தப் பாதையில் எந்தப் பெயரைத் திறக்க முயன்று தோற்றது என்பது வரிவரியாகத் தெரியும். ஊகித்துக்கொண்டிருப்பதைவிட இது வேகமான வழி.

ஆஸ்பெல்லில் இதே சிக்கல், இந்த மொழிக்குச் சொற்பட்டியல் எதுவும் இல்லை என்ற செய்தியாக வரும். ‘ஆஸ்பெல் டிக்ட்ஸ்’ என்று அடித்தால் இருப்பவை தெரியும். ஹன்ஸ்பெல்லுக்கு அகராதி நிறுவினால் ஆஸ்பெல்லுக்கும் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பெல் தன் அகராதியைத் தொகுக்கப்பட்ட வடிவத்தில், ஆர்டபிள்யூஎஸ் நீட்சியோடு வைத்திருக்கும். ஹன்ஸ்பெல்லின் டிக் கோப்பு அதற்கு உதவாது. இரண்டுக்கும் தனித்தனிப் பேக்கேஜ் வேண்டும்.

அறிகுறி: கட்டளை தொங்கி நிற்கிறது, பிழைச் செய்தியும் இல்லை

அநேகமாக நீங்கள் ‘ஆஸ்பெல் லிஸ்ட்’ என்று அடித்துப் பின்னால் கோப்பின் பெயரை எழுதியிருப்பீர்கள். லிஸ்ட் செயல் கோப்புப் பெயரை எதிர்பார்ப்பதில்லை, ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்துதான் படிக்கும். கோப்பை < குறியால் உள்ளே திருப்பிவிடுங்கள். ஹன்ஸ்பெல்லில் அப்படியில்லை. சிறிய எல் விருப்பத்துக்குப் பின்னால் கோப்புப் பெயரை நேரடியாகக் கொடுக்கலாம்.

அந்தச் சிறிய எல்லே இன்னொரு பொறி. ஹன்ஸ்பெல்லில் அது பிழைச் சொற்களைப் பட்டியலிடும். இன்றைய ஆஸ்பெல்லில் அது மொழியைக் குறிக்கும் விருப்பம். ஒன்றுக்கு எழுதிய ஸ்கிரிப்டில் கருவியின் பெயரை மட்டும் மாற்றி மற்றதை ஓட்டினால் விருப்பங்கள் எல்லாம் இடம் மாறிப் பொருள்படும்.

அறிகுறி: சொற்கள் துண்டு துண்டாக வருகின்றன, அல்லது எல்லாச் சொல்லும் தவறு என்கிறது

முதலில் என்கோடிங். கோப்பை ஐகான்வ் கட்டளையில் யூடிஎஃப்-8 இலிருந்து யூடிஎஃப்-8 க்கே மாற்றச் சொல்லி வெளியீட்டை டெவ்-நல்லுக்கு (ஹைஃபன் இல்லாமல் சாய்கோடு, டெவ், சாய்கோடு, நல்) அனுப்புங்கள். கோப்பில் கெட்ட பைட் இருந்தால் அது எத்தனையாவது இடத்தில் என்று சொல்லிவிட்டு நிற்கும். தொடர் பைட் காணவில்லை என்று ஹன்ஸ்பெல்லே புலம்பினால், உரையோ அகராதியோ பழைய ஒற்றை பைட் என்கோடிங்கில் இருக்கிறது. ஏஎஃப்எஃப் கோப்பில் ‘செட்’ என்று தொடங்கும் வரி அகராதியின் என்கோடிங்கைச் சொல்லும். அந்த வரி சொல்வதும் கோப்பின் உண்மையான பைட்டுகளும் பொருந்த வேண்டும்.

கோப்பு சுத்தமாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால் சூழலைப் பாருங்கள். ‘லொக்கேல்’ என்று அடித்தால் வரும் பட்டியலில் யூடிஎஃப்-8 இல்லாமல் வெறும் சி அல்லது பாசிக்ஸ் இருந்தால், கருவி உங்கள் உரையை யூடிஎஃப்-8 ஆக எடுத்துக்கொள்ளாது. ஹன்ஸ்பெல்லில் சிறிய ஐ விருப்பத்துக்குப் பின்னால் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். ஆஸ்பெல்லில் இரட்டை ஹைஃபன் என்கோடிங் என்ற விருப்பம். ஆங்கில அகராதியோடு ஆஸ்பெல்லில் தமிழ் உரையை ஓட்டினால் பட்டியல் காலியாக வரும். அந்த எழுத்துகள் அதற்குச் சொற்களே அல்ல, கடந்து போய்விடும். காலிப் பட்டியலைப் பார்த்துப் பிழையே இல்லை என்று நம்பிவிட வேண்டாம்.

அடுத்தது வெட்டுமிடம். இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு சொல்லை பிரின்ட்எஃப் மூலம் பைப் வழியாக ‘ஹன்ஸ்பெல்’ கட்டளைக்குச் சிறிய ஏ விருப்பத்தோடு அனுப்புங்கள். முதல் வரி பதிப்பு விவரம். அதன் பின்னால், கருவி பார்த்த ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி வரும். * என்றால் சொல் அகராதியில் உள்ளது. + என்றால் விகுதியைக் கழற்றிய பின் வேர்ச்சொல் கிடைத்தது, வேர் பக்கத்தில் வரும். - என்றால் கூட்டுச்சொல்லாக ஏற்றது. & என்றால் தவறு, ஆனால் பரிந்துரை உண்டு. # என்றால் தவறு, பரிந்துரையும் இல்லை. ஒரு சொல் அனுப்பி மூன்று வரிகள் வந்தால் கருவி அதை மூன்றாக வெட்டியிருக்கிறது. தமிழில் புள்ளியிலோ உயிர்க்குறியிலோ வெட்டு விழுந்தால் ஏஎஃப்எஃப் கோப்பின் ‘வேர்ட்சார்ஸ்’ வரியில் அந்தக் குறிகளைச் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரஃபி குறியில் வெட்டு விழுவதும் இதே வகை. அங்கே பெரும்பாலும் விசைப்பலகையின் நேர்க்குறிக்குப் பதிலாக யூனிகோடு 2019 என்ற வளைந்த குறி உரையில் இருக்கும். அந்தக் குறியை வேர்ட்சார்ஸில் சேர்த்துவிட்டு, ‘ஐகான்வ்’ அட்டவணை ஒன்றால் வளைந்ததை நேரானதாக மாற்றச் சொல்லலாம். பெயர் அந்தக் கட்டளையுடையதேயானாலும் இது ஏஎஃப்எஃப் கோப்புக்குள் பேரெழுத்தில் எழுதும் வரி. முதல் வரியில் மாற்றங்களின் எண்ணிக்கை, அடுத்தடுத்த வரிகளில் மாற்றங்கள். எண்ணிக்கையும் வரிகளும் ஒத்துப்போக வேண்டும்.

சிறிய ஏ முறையில் முழுக் கோப்பை அனுப்புவதானால் கவனம் தேவை. வரியின் முதல் எழுத்து * என்றால் பின்னால் வருவதைச் சொந்த அகராதியில் சேர் என்றும், # என்றால் சொந்த அகராதியைச் சேமி என்றும் அது ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். மார்க்டவுன் கோப்பில் பட்டியல் வரி * இல் தொடங்கும், தலைப்பு # இல் தொடங்கும். அப்படியே அனுப்பினால் உங்கள் சொந்த அகராதியில் குப்பை சேரும். செட் (sed) கட்டளையால் ஒவ்வொரு வரியின் முன்னாலும் ^ குறியை வைத்து அனுப்புங்கள். அந்தக் குறி இருந்தால் மீதி வரியை வெறும் உரையாகவே படிக்கும்.

அறிகுறி: கண்ணுக்குச் சரியாகத் தெரியும் தமிழ்ச் சொல் தவறு என்கிறது

அதிக நேரத்தை விழுங்கும் சிக்கல் இது. திரையில் ஒரே சொல், பைட்டில் இரண்டு சொல்.

‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே யூனிகோடு எழுத்தாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு எழுத்தாகவும் பதியலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ‘கொடி’ என்பதைப் புதுவரி சேராமல் பிரின்ட்எஃப்பால் அனுப்பி ‘டபிள்யூசி’ கட்டளையில் சிறிய சி விருப்பத்தோடு பைட்டுகளை எண்ணுங்கள். 12 வந்தால் ஒற்றைக் குறி. 15 வந்தால் பிரிந்த குறி. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். அகராதியில் ஒற்றை வடிவம் இருந்து உரையில் பிரிந்த வடிவம் வந்தால் சொல் கிடைக்காது. யூகான்வ் கட்டளையில் எனி-என்எஃப்சி என்ற மாற்றத்தைக் கொடுத்து உரையை ஓட்டினால் பிரிந்தவை எல்லாம் ஒன்றாகிவிடும். டெபியனில் இது ஐசியூ-டெவ்டூல்ஸ் பேக்கேஜில் இருக்கிறது. உரைக்குச் செய்வதை அகராதிக்கும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

என்எஃப்சி எல்லாவற்றையும் சரிசெய்யாது. ‘கௌரவம்’ என்பதை ‘கெளரவம்’ என்று ளகரம் போட்டு அடித்திருந்தால் அது உண்மையாகவே வேறு எழுத்து. கருவி தவறு என்று சொல்வது சரிதான், உரையைத்தான் திருத்த வேண்டும். ‘ஸ்ரீ’ யை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இதையும் என்எஃப்சி தொடாது. எந்த வடிவம் வேண்டும் என்று நீங்களே முடிவுசெய்து செட்டால் மாற்ற வேண்டும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் வழியாக வந்த உரையில் உகரத்தின் இடத்தில் தமிழ் எண் ௨, ககரத்தின் இடத்தில் ௧, எகரத்தின் இடத்தில் ௭ உட்கார்ந்திருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க தமிழ் எண்கள் ௦ முதல் ௯ வரையிலான வரம்பைக் கிரெப்பில் தேடினாலே போதும்.

கண்ணுக்கே தெரியாத எழுத்துகளும் உண்டு. இணைய உரையை ஒட்டும்போது சுழிய அகல இணைப்பான், இணைப்பு நீக்கி, மென்ஹைஃபன், கோப்பின் தொடக்கத்தில் வரும் பிஓஎம் குறி எல்லாம் கூடவே வரும். கிரெப்பின் பெரிய பி விருப்பத்தில் இந்த எழுத்துகளின் யூனிகோடு எண்களைக் கொடுத்துத் தேடுங்கள். ஆனால் கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டாம். ககர ஒற்றும் ஷகரமும் சேர்ந்து க்ஷ ஆகிவிடாமல் தடுக்க இணைப்பு நீக்கி முறையாகவே பயன்படுகிறது. உரையில் அதை விட்டுவைத்து, ஏஎஃப்எஃப் கோப்பின் ‘இக்னோர்’ வரியில் அந்த எழுத்தைச் சேர்த்தால் சோதனையின்போது மட்டும் கருவி அதைக் கண்டுகொள்ளாது.

அறிகுறி: வேர்ச்சொல் சரி, வேற்றுமை உருபு சேர்ந்தால் தவறு

டிக் கோப்பில் சாய்கோடு உள்ள வரிகளைக் கிரெப்பின் சிறிய சி விருப்பத்தால் எண்ணுங்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதுதான் எந்த விகுதி விதிகள் இந்தச் சொல்லுக்குப் பொருந்தும் என்ற குறி. எண்ணிக்கை சுழியமாகவோ மிகக் குறைவாகவோ இருந்தால் அது வெறும் சொற்பட்டியல். ‘வீடு’ இருக்கும், ‘வீட்டிலிருந்து’ இருக்காது. அமைப்பை எப்படி மாற்றினாலும் இது தீராது. ஹன்ஸ்பெல் ஒரு சொல்லிலிருந்து இரண்டு அடுக்கு விகுதிகள்வரை கழற்றிப் பார்க்கும். ஆஸ்பெல்லுக்கு அந்த வசதி இல்லை. எனவே தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழிக்கு ஹன்ஸ்பெல்லைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

நடைமுறையில் உடனே செய்யக்கூடியது இது. பிழைப் பட்டியலை சார்ட், யூனிக் வழியாக அனுப்பி, அதிகம் வரும் சொற்களை மேலே கொண்டுவாருங்கள். அப்போது இரண்டு கட்டளைகளுக்கும் எல்சி-ஆல் மாறியைப் பெரிய சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பைட் வரிசையில் ஒப்பிடுவதால் வெவ்வேறு சொற்கள் ஒன்றாகிப்போகும் அபாயம் இராது. பிறகு மேலே உள்ளவற்றைச் சொந்த அகராதியில் சேருங்கள். ஹன்ஸ்பெல்லின் சொந்த அகராதியில் ‘சர்வர்/மலர்’ என்று ஒரு வரி எழுதினால், ‘மலர்’ ஏற்கும் விகுதிகள் அத்தனையும் ‘சர்வர்’ என்ற சொல்லுக்கும் பொருந்தும். மூல அகராதியில் ‘மலர்’ என்பதற்கு விகுதிக் குறி இருந்தால்தான் இது பலிக்கும். வரியின் தொடக்கத்தில் * வைத்தால் அந்தச் சொல் தடைசெய்யப்படும். அகராதியிலேயே தவறான சொல் புகுந்திருந்தால் இப்படி மடக்கலாம்.

டிக் கோப்பையே கையால் திருத்துவதானால் முதல் வரியைத் தொடாதீர்கள். அதில் சொற்களின் எண்ணிக்கை இருக்க வேண்டும். துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அங்கே எண்ணே இல்லையென்றால் அகராதி ஏறாது.

அறிகுறி: சேர்த்த சொல்லை மறுபடியும் தவறு என்கிறது

இடைமுகத்தில் அழுத்தும் எழுத்துகளைச் சரிபாருங்கள். ஆஸ்பெல்லில் சிறிய ஏ அகராதியில் சேர்க்கும், சிறிய ஐ இந்த ஒருமுறை புறக்கணிக்கும். ஹன்ஸ்பெல்லில் ஏ இந்த அமர்வுக்கு மட்டும் ஏற்கும், ஐ தான் அகராதியில் சேர்க்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியவர்களின் விரல்கள் பழைய பழக்கத்தில் போய்விடும். சேர்க்காத சொல் நினைவில் இருக்காது, சேர்க்கக்கூடாத பிழை அகராதியில் ஏறியிருக்கும். பின்னது மோசம், ஏனென்றால் அந்தப் பிழையை இனி எப்போதும் கருவி காட்டாது.

எழுத்து சரியென்றால் கோப்பின் பெயர். ஹன்ஸ்பெல் தன் சொந்த அகராதியின் பெயரை, அப்போது பயன்படும் அகராதியின் பெயரை வைத்தே அமைக்கும். ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கி, ஹன்ஸ்பெல், அடிக்கோடு, அகராதிப் பெயர். நேற்று லாங் மாறியை நம்பி ஓட்டி, இன்று சிறிய டி விருப்பத்தில் வேறு பெயர் கொடுத்தால் புதிய கோப்பு, பழைய சொற்கள் இல்லை. பர்சனலைக் குறிக்கும் சிறிய பி விருப்பத்தில் முழுப் பாதையோடு ஒரே கோப்பை எப்போதும் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

ஆஸ்பெல்லின் பிடபிள்யூஎஸ் கோப்பைக் கையால் உருவாக்கினால் முதல் வரி கட்டாயம். ‘பர்சனல்’, அடிக்கோடு, ‘டபிள்யூஎஸ்’, ஹைஃபன், 1.1, பிறகு ஒவ்வோர் இடைவெளி விட்டு மொழிக் குறியீடு, 0, யூடிஎஃப்-8. இது இல்லாவிட்டால் கோப்பு முறையான வடிவத்தில் இல்லை என்று மறுத்துவிடும். என்கோடிங்கை எழுதாமல் விட்டால் ஆங்கில அடிப்படை எழுத்துகளைத் தாண்டியவை கெட்டுப்போகும். விண்டோஸில் திருத்திய கோப்பானால் டாஸ்2யூனிக்ஸ் ஓட்டி வரிமுடிவைச் சரிசெய்யுங்கள். இலக்கம் கலந்த சொல்லை ஆங்கில ஆஸ்பெல் அகராதியில் சேர்க்கவே முடியாது. சொல்லின் நடுவில் இந்த எழுத்து வரக்கூடாது என்று சொல்லிவிடும். அப்படிப்பட்ட சொற்களை வெளியீட்டிலிருந்து கிரெப்பால் நீக்குவதே வழி.

அறிகுறி: டெக் கட்டளையும் எச்டிஎம்எல் குறியும் பிழையாக வருகின்றன

கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஹன்ஸ்பெல் நீட்சியைப் பார்த்து வடிவத்தை ஊகிக்கும். கேட் கட்டளையால் பைப் போட்டால் பெயர் தெரியாது, எல்லாவற்றையும் வெறும் உரையாகப் படிக்கும். அச்சு ஆவணங்களை எழுதும் மொழியான டெக்குக்குச் சிறிய டி, எச்டிஎம்எல்லுக்குப் பெரிய எச் என்று வெளிப்படையாகக் கொடுங்கள். இந்தச் சிறிய டி, ஆங்கில டெக்ஸ்ட் என்ற சொல்லின் முதலெழுத்து. அகராதிக்கான டி வேறு. ஆஸ்பெல்லில் ‘மோட்’ விருப்பம். மார்க்டவுனுக்கான வடிகட்டி ஆஸ்பெல்லின் 0.60.8 பதிப்பிலிருந்து, அதாவது 2019 முதல் இருக்கிறது. ஹன்ஸ்பெல்லில் மார்க்டவுனுக்குத் தனி விருப்பம் இல்லை, கோப்பு வடிவத்தை மாற்றும் பாண்டாக் மூலம் வெற்று உரையாக்கி அனுப்பலாம்.

அறிகுறி: தானியங்கிச் சோதனை எப்போதும் பச்சையாகவே இருக்கிறது

பிழைச் சொற்கள் கிடைத்தாலும் பட்டியலிடும் கட்டளை 0 என்ற வெளியேறு நிலையோடுதான் முடியும். எனவே வெளியீடு காலியா என்று நீங்களே சோதிக்க வேண்டும். அங்கேயும் ஓர் ஓட்டை உண்டு. அகராதி ஏறாவிட்டாலும் வெளியீடு காலிதான், பைப்பின் நடுவில் அந்தத் தோல்வி மறைந்துவிடும். பாஷில் பைப்ஃபெயில் அமைப்பைப் போடுங்கள். அதோடு சோதனையின் தொடக்கத்தில் வேண்டுமென்றே பிழையான ஒரு சொல்லை அனுப்பி, அது பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் சோதனையே தோற்றதாக நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி: எடிட்டர் ஒன்று சொல்கிறது, டெர்மினல் ஒன்று சொல்கிறது

விம் தன் சொந்த அகராதிக் கோப்புகளையே பயன்படுத்தும், ஹன்ஸ்பெல்லில் செய்த மாற்றம் அதற்குத் தெரியாது. ஈமாக்ஸில் ‘இஸ்பெல்-ப்ரோக்ராம்-நேம்’ என்ற மாறி எந்தக் கருவியைச் சுட்டுகிறது என்று பாருங்கள். என்சான்ட் வழியாகப் போகும் மென்பொருளில், பின்னால் ஓடுவது ஹன்ஸ்பெல்லா ஆஸ்பெல்லா என்பதை ‘என்சான்ட்-எல்எஸ்மாட்-2’ காட்டும். வரிசையை மாற்ற, ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் கோப்புறைக்குள் என்சான்ட் என்ற கோப்புறையில் ‘என்சான்ட்.ஆர்டரிங்’ கோப்பை உருவாக்கி, நட்சத்திரம், முக்காற்புள்ளி, அதன்பின் காற்புள்ளியிட்டு முன்னுரிமைப்படி கருவிகளின் பெயர்களை எழுதுங்கள். என்சான்ட் தன் சொந்தச் சொற்களையும் அதே கோப்புறையில், மொழிப் பெயரோடு டிக் நீட்சியில் வைத்திருக்கும். ஹன்ஸ்பெல்லின் சொந்த அகராதியில் உள்ள சொற்கள் அங்கேயும் வேண்டுமானால் அந்தக் கோப்பில் வரிக்கு ஒன்றாகத் தனியே சேர்க்க வேண்டும்.